கிளிப்பச்சைக்குக் கீழே நீலம்

அன்பு மிகுந்த மலர் அக்காவுக்கு,

உங்களுக்கு என்னைத் தெரியாது. எனக்கு உங்களை நன்றாகத் தெரியும் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் பாதி தப்பு என்பது போன மாதம்தான் தெரிந்தது. அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

என் பெயர் செல்வராணி. சொந்த ஊர் கட்டுமாவடி. அங்கே ஐஸ் கம்பெனியில் பில் போடும் வேலை பார்த்துக்கொண்டு, படுத்த படுக்கையாகக் கிடந்த என் அம்மாவையும் பார்த்துக்கொண்டு இருந்தேன். அம்மா போன பிறகுதான் எனக்குக் கல்யாணப் பேச்சே வந்தது. கீரமங்கலத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார், மனைவி கொரோனாவில் தவறிவிட்டார், ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்றார்கள். அந்த மனைவி நீங்கள். உங்கள் வீட்டுக்காரர் முத்துக்குமார் இப்போது என் வீட்டுக்காரரும்தான். எழுதும்போது எப்படிக் குறிப்பிடுவது என்று கொஞ்சம் யோசித்தேன். இரண்டு பேருக்கும் பொதுவாக 'அவர்' என்றே எழுதுகிறேன். சரிதானே அக்கா?

முதலில் வீட்டுச் செய்தி. உங்கள் மகள் இனியா ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டாள். உங்கள் உயரம் அப்படியே வந்திருக்கிறது. அவள் உட்கார்ந்தால்தான் எனக்குச் சடை பின்ன எட்டுகிறது. கணக்கு வரவில்லை, படம் நன்றாக வரைகிறாள். அவருக்குக் கடையில் வேலைக்குக் குறைவில்லை. கோடையில் கிணற்றுத் தண்ணீர் இறங்க இறங்க மோட்டார்கள் எரிகின்றன. விவசாயிக்குத் திண்டாட்டம், அவருக்குக் கொண்டாட்டம். இப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்.

நான் இந்த வீட்டுக்குள் வந்த முதல் நாளைச் சொல்லட்டுமா?

கிளிப்பச்சைச் சுவர். வாசலைப் பார்த்துப் போட்ட சோபா. கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ். கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே சிப்பிகள் கோத்த திரை. டிவிக்கு ஒரு உறை, ஃபிரிட்ஜுக்கு ஒரு உறை, மிக்சிக்கு ஒரு உறை, பிளாஸ்டிக் ரோஜா ஜாடிக்கு அடியில் பின்னல் விரிப்பு. அந்த வீட்டில் உடுத்தாத சாமானே இல்லை அக்கா. அதையெல்லாம் பார்த்ததும், நீங்கள் பக்கத்துக் கடைக்குப் போயிருக்கிறீர்கள், இப்போது வந்து 'யாரு வேணும்?' என்று கேட்கப்போகிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஆனால் சுவரில் ஓர் இடம் மட்டும் உறுத்தியது. சுற்றிலும் பச்சை மங்கியிருக்க, நடுவில் ஒரு நீள்சதுரம் மட்டும் புதிதாக அடித்தது போலப் பளிச்சென்று இருந்தது. மேலே ஓர் ஆணி. மறுநாள் பீரோவில் என் சேலைகளை அடுக்கும்போது, துண்டில் சுற்றிய உங்கள் கல்யாணப் படம் கிடைத்தது. அவரிடம் கேட்டேன்.

"ஒனக்குச் சங்கடமா இருக்கும்னுதான் எறக்கி வச்சேன்" என்றார், காது மடல் சிவக்க.

"படம் சங்கடமா இல்லைங்க. அந்த ஆணிதான் சங்கடமா இருக்கு" என்றேன்.

நானே ஸ்டூலில் ஏறி மாட்டினேன். இனியா அடுப்படி நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அதுவரை அறைக்குள்ளேயே தட்டை எடுத்துப்போய்ச் சாப்பிட்டவள், அன்றைக்குக் கூடத்தில் வந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். எனக்கு அது போதுமாக இருந்தது. அந்தப் படத்தில் அவர் உங்கள் உயரத்துக்கு நிற்கிறார். எப்படி என்று ரொம்ப நாள் கழித்து இனியாதான் சொன்னாள்: போட்டோக்காரர் அவர் காலடியில் இரண்டு செங்கல் வைத்தாராம். வேட்டி மறைத்துவிட்டதாம். அந்த ரகசியத்தை அவள் சொன்ன நாளில் நானும் அவளும் அவரைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தோம். அவருக்குக் காரணம் புரியவே இல்லை.

முதல் வாரம் கூட்டுவதற்காகச் சோபாவைக் கொஞ்சம் தள்ளினேன். மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பையைக் கூடக் கழற்றாமல், முழங்காலால் தள்ளிப் பழைய இடத்திலேயே நிறுத்தினாள். தரையில் சோபாக் கால் பதிந்த தடம் இருந்தது. அந்தத் தடத்துக்குள் கால் சரியாக உட்கார்ந்ததா என்று குனிந்தும் பார்த்தாள். யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் புரிந்துகொண்டேன். அன்றிலிருந்து எதைத் துடைத்தாலும், எங்கே எடுத்தேனோ அங்கேயே, எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அந்தப் பக்கமே பார்க்க வைத்தேன். ஷோகேஸில் இருக்கிற இரண்டு வாத்துகளும் ஒன்றையொன்று பார்க்காமல் முறைத்துக்கொண்டு நிற்கின்றனவே, அதைக்கூட மாற்றவில்லை.

மாற்றத்தான் கூடாது, கேட்கலாம் அல்லவா? ஒவ்வொன்றையும் பற்றிக் கேட்க ஆரம்பித்தேன். அப்பாடி, இந்த வீட்டில் சாமானுக்குச் சாமான் ஒரு தல புராணம்!

சிப்பித் திரையைப் பற்றி நான்தான் வாயைக் கொடுத்தேன். "எங்க ஊர்ல சிப்பிய கால்ல மிதிச்சுக்கிட்டுப் போவோம், இங்க அடுப்படி வாசல்ல தொங்கவிட்டு வச்சிருக்கீங்க" என்றேன். அவர் மெல்ல ஆரம்பித்தார். கல்யாணமான புதிதில் நீங்கள் இருவரும் ராமேஸ்வரம் போனது. அங்கே நீங்கள் இந்தத் திரையைப் பார்த்துவிட்டு நகர மறுத்தது. திரும்புகிற பஸ்ஸில் அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தது. ஒரு வளைவில் பஸ் ஒடித்துத் திரும்பியபோது முன் சீட்டு அம்மாளின் கூந்தல் இதில் மாட்டிக்கொண்டது.

"அந்தம்மா கத்துது. நான் இழுக்க, அது இன்னும் சிக்க, பஸ்ஸே எந்திருச்சு நிக்குது. ஆளாளுக்கு யோசனை சொல்றாங்க. ஒருத்தரு கத்திரிக்கோல எடுத்துக்கிட்டே வந்துட்டாரு, முடிய வெட்டவா சரத்த வெட்டவான்னு. மலரு ஒவ்வொண்ணாப் பிரிச்சா. தொண்டி வரைக்கும் பிரிச்சா."

தொண்டியில் அந்த அம்மாள் இறங்கும்போது பின்னந்தலையில் இன்னும் ஒரு சிப்பி மிச்சம் இருந்ததாம். நீங்கள், "அது இருந்துட்டுப் போகட்டுங்கக்கா, ஒங்களுக்கு அழகாத்தான் இருக்கு" என்றீர்களாமே! அவர் இதைச் சொல்லிவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்பை எனக்குக் கொடுத்தது நீங்கள்தான் என்று அன்றைக்கே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும்.

ஷோகேஸுக்குள் வாத்துகளுக்கு நடுவே, சிவப்பு ரிப்பன் கட்டி வைத்திருக்கிற செப்புக் கம்பிச் சுருள். நான் ஏதோ கலைப்பொருள் என்றே நினைத்தேன். அவர் சொந்தக் கடை திறந்து முதன்முதலாகக் கட்டிக்கொடுத்த மோட்டாரின் காயில் என்று பிறகு தெரிந்தது. வயற்காட்டில் யாரோ தப்பாக இணைப்புக் கொடுத்ததில் ஒரே நாளில் எரிந்து திரும்பி வந்துவிட்டது. அவர் வெறுத்துப்போய்க் குப்பையில் எறிந்ததை நீங்கள் எடுத்து, கரி போகப் புளி போட்டுத் தேய்த்து, ரிப்பன் கட்டி, கண்ணாடிக்குள் வைத்துவிட்டீர்கள். வருகிறவர்கள் என்னவென்று கேட்டால், "எங்க வீட்டுக்காரரு செஞ்ச மொத நகை" என்பீர்களாம். இப்போது கேட்பவர்களுக்கு நானும் அதையேதான் சொல்கிறேன். உங்கள் வசனத்தைத் திருடிவிட்டேன், மன்னிக்க வேண்டும்.

இதெல்லாம் சிரிப்பாகப் போனது. மேசைதான் எங்களைச் சோதித்தது.

அந்தச் சாப்பாட்டு மேசை. வல்லத்திராக்கோட்டையில் உங்கள் அம்மா வீட்டுக் கொல்லையில் கஜா புயலில் சாய்ந்த பலா மரத்தில் செய்தது. நின்றுகொண்டே காய் நறுக்க வேண்டும், குனியக் கூடாது என்று உங்கள் உயரத்துக்குச் செய்யச் சொன்னீர்களாம். உங்களுக்கு அது இடுப்புக்கு வந்திருக்கும். நான் உட்கார்ந்தால் தட்டு என் தாடைக்கு நேராக இருந்தது. ரசம் சோறு சாப்பிடும்போது முழங்கையைச் சிறகு மாதிரி விரித்துக்கொண்டு சாப்பிட்டேன். நான் குறை சொல்லவில்லை அக்கா. ஆனால் அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், யாரிடமும் சொல்லாமல் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். மேசையைச் செய்த அதே ஆசாரி. காலில் ஒரு சாண் குறைத்தால் ராணிக்குச் சரியாக இருக்கும் என்று அவர் சொல்ல, ஆசாரி நான்கு காலிலும் பென்சிலால் கோடு போட்டார். போட்டுக்கொண்டே, "எத்தனையோ மேசை செஞ்சிருக்கேன். ஆள நிக்க வச்சு, இடுப்புக்கு அளவெடுத்து மேசை செஞ்சது அந்தப் புள்ளைக்கு மட்டுந்தான்" என்று முனகினார்.

ஆசாரியின் அறுப்பு வாளைப் பார்த்ததும் இனியா கத்துவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவளோ நேரே வந்து, குனிந்து, மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு ஒரு காலைக் கட்டிப் பிடித்தாள்.

"இனியா, வெளிய வா. சித்திக்கு எட்டலைல்ல" என்றார் அவர்.

"அறுக்கிறதுன்னா என்னையும் சேத்து அறுங்க."

ஆசாரி வாளைப் பைக்குள் வைத்துவிட்டார். "நான் ஒரு டீ குடிச்சுட்டு வாரேன்" என்று போனவர் அன்றைக்குத் திரும்பவே இல்லை. நம் வீட்டுக்காரரோ முகம் தொங்கிப்போய்க் கொல்லைப் பக்கம் போய்விட்டார். நல்லது செய்ய நினைத்து இப்படி ஆகிவிட்டதே என்று அவருக்கு வருத்தம். கூடத்தில் நானும், மேசைக்கு அடியில் அவளும்.

எனக்கு என்ன தோன்றியதோ, நானும் குனிந்தேன். "உள்ள வரலாமா?"

அவள் கொஞ்சம் நகர்ந்தாள். நான் தவழ்ந்துபோய் அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். நிமிர்ந்துதான் உட்கார்ந்தேன். அவள் கழுத்தை வளைத்துக்கொண்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"ஒங்களுக்குத் தல இடிக்கலையா?"

"குள்ளமா இருக்கிறதுல இப்படியும் ஒரு லாபம் இருக்கு" என்றேன்.

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. கோபமாக இருப்பதாகக் காட்டிக்கொள்ள வேண்டியிருந்ததால் அதை விழுங்கினாள். அப்போதுதான் நான் மேலே பார்த்தேன்.

அக்கா, மேசையின் அடிப்பலகை முழுக்கப் படம்! கலர் பென்சிலில் வீடு, சூரியன், மீசை வைத்த ஒரு மனிதர், மோட்டார் பம்பு, சடை போட்ட ஒரு சின்னப் பெண். மத்தியானம் கரண்ட் போனால் நீங்கள் இருவரும் தரை குளிர்ச்சியாக இருக்கிறது என்று அங்கே மல்லாந்து படுத்துக்கொண்டு வரைவீர்களாம். அவருக்குக்கூடத் தெரியாது. இத்தனை நாள் அதற்கு மேலேதான் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

ஒரு மூலையில் குண்டாக ஏதோ இருந்தது. "இந்தக் கோழி நல்லாருக்கே" என்றேன்.

"அது மயிலு. அம்மா வரஞ்சது" என்றாள். பிறகு சத்தத்தைக் குறைத்து, "அம்மாவுக்கு வரையவே வராது. எல்லாரும் கோழின்னுதான் சொல்வாங்க" என்றாள்.

மேசை தாழ்ந்தால் தான் அதற்கடியில் உட்கார முடியாது என்றுதான் அவளுக்குப் பயம். இப்போதே கழுத்தை வளைக்கிறாள், இன்னும் வளரப்போகிறாள். ஆனால் அதை நான் சொல்லவில்லை. அவளாகத்தான் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள்.

"சித்தி, மேசையக் குறைக்காம நாற்காலிய ஒசத்துனா என்ன?"

யோசனையும் நல்ல யோசனை. ஆனால் எனக்குக் காதில் விழுந்தது முதல் வார்த்தை மட்டும்தான். அதுவரை என்னை 'இங்க பாருங்க' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது எனக்கென்று உயரமான ஒரு நாற்காலி இருக்கிறது. ஏறி உட்கார்ந்தால் கால் தரையில் படாது. சலூனில் சின்னப் பிள்ளைகளைப் பலகை போட்டு உட்கார்த்துவார்களே, அந்த மாதிரி இருக்கிறது என்று அவர் கேலி செய்கிறார். செய்யட்டும். செங்கல் மேல் நின்றவர்தானே.

அந்த வாரம்தான் இனியா, கொல்லை வராந்தாவில் கிரைண்டருக்குப் பின்னால் மடித்துச் சாத்தியிருந்த நாற்காலியைப் பற்றிக் கேட்டாள். பச்சை நைலான் வயர் பின்னிய மடக்கு நாற்காலி. நான் கட்டுமாவடியிலிருந்து கொண்டுவந்தது துணிமணியும் அது ஒன்றும்தான். இந்த வீட்டில் அதற்கு இடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் அதைப் போட்டுத்தான் வேலைக்குப் போகாத நேரமெல்லாம் உட்கார்ந்திருப்பேன். அம்மாவுக்குப் பேச்சு வராது. தண்ணீர் வேண்டுமென்றால் கைப்பிடியில் ஒரு வயரைப் பிடித்து இழுத்து விடுவார். 'டொய்ங்' என்று சத்தம் கேட்கும். நான் எழுந்துவிடுவேன். அந்த வயர் மட்டும் தொய்ந்திருக்கும். இனியா விரலால் இழுத்து விட்டுப் பார்த்தாள். சத்தம் வந்ததும், "இது உள்ள இருக்கட்டும் சித்தி" என்று தூக்கிக்கொண்டு போய்க் கூடத்தில் கடிகாரத்துக்குக் கீழே போட்டாள். உங்கள் சோபாவுக்கு எதிரில் என் நாற்காலி. என்ன பேசிக்கொள்ளுமோ இரண்டும்!

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த ஐப்பசி மழை விடாமல் அடித்தது. ஜன்னலுக்குக் கீழே சுவரில் ஓதம் ஏறி, பச்சைப் பெயிண்ட் உப்பி, பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. எனக்குப் பதறிவிட்டது. உங்கள் சுவர் அக்கா! தெருவில் விலாசம் சொல்வதே 'கிளிப்பச்சை வீடு' என்றுதான். உதிர்ந்த சில்லை எடுத்துக்கொண்டுபோய் இதே பச்சை கிடைக்குமா என்று கடையில் கேட்கலாம் என்று, துடைப்பத்தால் மெல்லத் தட்டினேன். ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை கழன்று விழுந்தது. உள்ளே நீலம். நகத்தால் நீலத்தைச் சுரண்டினேன். அதற்குக் கீழே ரோஸ்.

அவரைக் கூப்பிட்டேன். "என்னங்க இது?"

அவர் எட்டிப் பார்த்தார். "அதுவா? வீடு கட்டினப்ப ரோஸு. அப்புறம் மலருக்கு அது சலிச்சுப்போச்சுன்னு நீலம். அப்புறம் பச்சை. அவ இருந்திருந்தா இந்நேரம் வேற ஏதாச்சும் அடிச்சிருப்பா. அவளால ஒண்ண ஒரே மாதிரி பாத்துக்கிட்டிருக்க முடியாது."

"அப்ப இந்தச் சோபா?"

"அது மாசத்துக்கு ஒரு எடம். கடையில இருந்து நான் வந்தா, எங்கிட்டுக் கெடக்குன்னு தேடிப் பாத்துத்தான் உக்காருவேன்."

எனக்குத் தலை சுற்றியது. "பின்ன ஏங்க இத்தனை வருசமா ஒரு இஞ்சு நகத்தாம வச்சிருக்கீங்க?"

"இனியாவுக்காகத்தான். அவ அம்மா வச்சது வச்சபடி இருக்கணும்னு அது நெனைக்குதுன்னு..."

படித்துக்கொண்டிருந்த இனியா புத்தகத்தோடு எழுந்து வந்தாள். "நானா? நான் அப்பாவுக்காகன்னுல்ல இருந்தேன்! சோபா நகந்திருந்தா நீங்க வந்து பாத்து வருத்தப்படுவீங்கன்னுதான் அன்னைக்குத் திருப்பித் தள்ளினேன்."

"நான் ஒங்க ரெண்டு பேருக்காகவும்" என்றேன்.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. எதிர்வீட்டு ஜெபமாலை அக்கா, என்னவோ ஏதோவென்று ஓடி வந்துவிட்டார். ஆவூரிலிருந்து இந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர், உங்கள் சிநேகிதி. விஷயத்தைச் சொன்னதும், "ஆமா, மலரு சோபாவ இழுக்கிற சத்தம் எங்க வீடு வரைக்கும் கேக்கும்" என்றார்.

"ஏங்க்கா எங்கிட்ட இத்தனை நாளாச் சொல்லல?"

"நீ எங்க கேட்ட? தொடச்சுத் தொடச்சு அதே எடத்துல வச்ச. சரி, ஒனக்கு அப்படிப் புடிச்சிருக்கு போலன்னு நான் வாய மூடிக்கிட்டேன்."

எங்களோடு சிரித்துக்கொண்டிருந்த நம் வீட்டுக்காரர் எப்போது எழுந்து போனார் என்று கவனிக்கவில்லை. கொல்லையில் அடிபம்பின் சத்தம் கேட்டது. முகம் கழுவிக்கொண்டிருந்தார். நெடுநேரம் கழுவினார். நான் போகவில்லை, இனியாவைத்தான் துண்டோடு அனுப்பினேன்.

நீங்கள் கடைசியாக இருந்த மாதம் சோபா வாசலைப் பார்த்திருந்தது. அவ்வளவுதான். அடுத்த மாதம் நீங்கள் அதை மாற்றியிருப்பீர்கள். அந்த மாதத்தைப் பார்க்க நீங்கள் இல்லை. சும்மா ஒரு மாதத்துக்கென்று நீங்கள் வைத்ததை, காலத்துக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நாங்கள் காவல் காத்திருக்கிறோம். வாத்துகள்கூட அப்படித்தானா? முறைத்துக்கொண்டு நிற்கட்டும் என்று வைத்தீர்களா, இல்லை அவசரத்தில் துடைத்துவிட்டுத் திருப்பி வைக்க மறந்தீர்களா? இதை யாரிடம் கேட்பது?

மழை விட்டதும் பெயிண்ட் கடைக்கு மூன்று பேரும் போனோம். அவர், பச்சையே இருக்கட்டுமே என்று இழுத்தார். நானும் அவர் பக்கம்தான். அவ்வளவு ஆன பிறகும் எனக்குத் தைரியம் வரவில்லை. இனியா கலர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். "அம்மா இந்தக் கடைக்கு வந்து, இருக்கிற கலரையே கேட்டிருப்பாங்களா?" என்றாள். வெங்காயத் தோல் நிறத்தில் ஒன்றைத் தொட்டுக் காட்டினாள். கடைக்காரர் நல்ல செலக்‌ஷன் என்றார். யார் எதைத் தொட்டாலும் அப்படித்தான் சொல்வாராக இருக்கும், ஆனாலும் எங்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பெயிண்ட் அடிக்கிறவர் சுவரைச் சுரண்டிய அன்று, மூன்று நிறமும் தெரிகிற ஒரு சின்னச் சில்லை இனியா எடுத்து வைத்துக்கொண்டாள். எங்கே வைத்திருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

நேற்று பெயிண்ட் காய்ந்து, வாசலில் போட்டிருந்த சாமான்களை உள்ளே எடுத்தோம். அவர் சோபாவின் ஒரு முனையையும் நான் இன்னொரு முனையையும் பிடித்திருக்க, இனியா நடுக்கூடத்தில் நின்று உத்தரவு போட்டாள். ஜன்னல் ஓரம் வைத்தோம். உட்கார்ந்து பார்த்து, எழுந்து, "ம்ஹூம்" என்றாள். மேற்குச் சுவரோரம் இழுத்தோம். அதுவும் சரியில்லை. மறுபடியும் ஜன்னல் பக்கம், ஆனால் கொஞ்சம் சாய்த்து.

"முடிவா ஒரு எடத்தச் சொல்லு தாயி, இடுப்பு போகுது" என்றார் அவர்.

"இன்னும் கொஞ்சம் இங்கிட்டுப்பா. சித்தி, நீங்க அங்கிட்டு இழுங்க."

தரையில் சோபாக் கால் உரசி 'கிரீச்' என்று தெருவுக்கே கேட்டிருக்கும். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஜெபமாலை அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "நிப்பாட்டாதீங்க, இழுங்க இழுங்க" என்றார். "இந்தச் சத்தம் கேட்டு எத்தனை நாளாச்சு!"

அக்கா, ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். இந்த வீட்டை இனி யாருக்காகவும் அசையாமல் நிறுத்தி வைக்க மாட்டேன். இனியா கேட்கிற கலரை அடித்துக் கொடுப்பேன். அவளுக்கு அது சலித்தால் அடுத்து எது என்று கேட்பேன். உங்களைப் பற்றி அவள் கேட்கும்போது தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததை இந்தத் தெருவில் நாலு வீடு ஏறி விசாரித்தாவது சொல்வேன். இடுப்பு வலி எனக்கும் இருக்கிறது. பரவாயில்லை, சமாளித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நேரில் பார்க்காமலே உங்களோடு குடும்பம் நடத்தும்
உங்கள் தங்கை
செல்வராணி